ஐந்து கிகாஹேர்ட்ஸும் உம்மாவின் ஒரு கேள்வியும்



கொஞ்சம் நீளமான பதிவு. புதிதாகக் கணினி வாங்க இருப்பவர்களும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க இருக்கும் வாப்பா, உம்மாமாரும் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே வாசிக்கலாம்.

போன கச்சான் காலத்தில் எமது பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஏ.எல். முடித்து இரண்டு வருடம். ஊரில் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறான். கமராக்காரர் மூன்று பேர் அவனிடம்தான் வேலை கொடுக்கிறார்கள். அவனுடைய உம்மா குவைத்தில் வீட்டு வேலை. ஆறு வருடமாக அங்கேதான். மகனுக்கு நல்ல கணினி ஒன்று வாங்கவென்று மாதம் மாதம் கொஞ்சமாகச் சேர்த்து ஒன்றேகால் இலட்சம் அனுப்பியிருந்தார்.

வந்தவன் தனியாக வரவில்லை. கையில் ஒரு பெரிய பெட்டி. உள்ளே கிகாபைட் இசட்390 ஆரஸ் மாஸ்டர் போர்ட். அதிலேயே பொருத்தியபடி இன்டெல் ஐ9-9900கே புரொசஸர். மேலே ஒரு பெரிய கூலர். எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவர் கொழும்பில் வேலை செய்தவர், வெளிநாடு போகிறார், விற்கிறார். போர்ட், புரொசஸர், கூலர் மூன்றும் சேர்த்து ஒன்றேகால் இலட்சம். "மூணு நாளைக்கு வெச்சிப் பாருங்க, புடிச்சா எடுங்க" என்று நம்பிக் கொடுத்திருக்கிறார்.

"சேர், ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க. இது 5 கிகாஹேர்ட்ஸ் போகுமாம். எடுக்கவா?"

ஒன்றேகால் இலட்சம் என்றால் குவைத்தில் அந்தத் தாய் எத்தனை மாதம் தரை துடைத்தது என்று நாம் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். "வெச்சிட்டுப் போ மகன், பார்ப்பம்" என்றோம்.

முதலில் ஓவர்கிளொக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. புரொசஸர் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்படி கம்பனி அமைத்து அனுப்புகிறது. அதை விடக் கூடுதலான வேகத்தில் நாமாக ஓட்டுவதுதான் ஓவர்கிளொக். அதற்குப் புரொசஸர் மட்டும் போதாது. அதைத் தாங்குகிற தாய்ப்பலகை வேண்டும். பாடப்புத்தகத்தில் தாய்ப்பலகை, கடையில் மதர்போர்ட். இரண்டும் ஒன்றுதான்.

எமக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது. கலாசாலையில் படித்த காலத்தில் விடுதி அறையில் ஒரு கணினி வைத்திருந்தோம். வாப்பா நெல் விற்ற காசில் வாங்கித் தந்தது. பென்டியம் டுவல் கோர் இ5200. அதன் வேகம் 2.5 கிகாஹேர்ட்ஸ். பயோஸில் 200 என்று இருந்த ஒரு எண்ணை 266 ஆக்கினால் 3.3 கிகாஹேர்ட்ஸ். ஒரு சதம் செலவில்லாமல் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுகிறது! செய்தோம். புரொசஸர் தாங்கியது. ஆனால் போர்ட் ஆக மலிவான ஒன்று. மின்சாரத்தைப் புரொசஸருக்குக் கொடுக்கிற பகுதியில் ஒரு துண்டு அலுமினியம்கூட இல்லை. நாலு மாதம் ஓடியது. ஒப்படை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, டிக் என்று ஒரு சத்தம், பிறகு எரிந்த வாசம். ஒப்படை போயிற்று, கணினியும் போயிற்று.

வாப்பாவுக்கு இன்று வரை அது "கரண்ட் அடிச்ச கொம்பியூட்டர்". இந்தப் பதிவை யாரும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

அந்த வாசம் இன்னும் மூக்கில் இருப்பதால், இந்த ஆரஸ் மாஸ்டரைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் பார்த்தது வேகத்தை அல்ல, அந்த மின்சாரப் பகுதியைத்தான். அதற்குப் பெயர் வி.ஆர்.எம். ஓவர்கிளொக் போர்ட் ஒன்றை எடைபோடுவதில் முக்கால்வாசி வேலை அங்கேதான் இருக்கிறது. ஆகவே அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம்.

சுவரில் 230 வோல்ற். பவர் சப்ளை அதை 12 வோல்றாக்கிப் போர்டுக்குக் கொடுக்கிறது. ஆனால் புரொசஸருக்குத் தேவை 1.2 வோல்ற் அளவில்தான். அந்தக் கடைசி இறக்கத்தைச் செய்வது வி.ஆர்.எம். இப்போது 10ஆம் ஆண்டுப் பிள்ளையும் போடக்கூடிய ஒரு கணக்கு: புரொசஸர் 150 வொட் இழுக்கிறது, வோல்ற் 1.2. அப்படியானால் மின்னோட்டம் எவ்வளவு? 150ஐ 1.2ஆல் வகுத்தால் 125 அம்பியர். எங்கள் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் இணைப்பே 30 அம்பியர்தான். வோல்ற் வேறு என்பதால் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் நகத்தளவு பாகங்களுக்கூடாக 125 அம்பியர் ஓடுகிறது என்பதை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். எமது விடுதி அறையில் எரிந்தது ஏன் என்று அப்போது விளங்கும்.

இந்தச் சுமையைப் பங்கு போடத்தான் கட்டங்கள். ஒரு நெல் மூட்டையை இரண்டு பேர் தூக்குவதற்கும் பன்னிரண்டு பேர் தூக்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? எமது பழைய போர்டில் மூன்று பேர். இந்தப் போர்டில் புரொசஸருக்கு மட்டும் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் 40 அம்பியர் தூக்கக் கூடியவர்கள்.

இதில் ஒரு சூட்சுமம். பெட்டியில் 12 கட்டம் என்று போட்டிருந்தாலும், கட்டளை கொடுக்கிற சிப்பிலிருந்து வருவது 6 கட்டளைதான். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து 12 ஆக்குகிறார்கள். இது ஏமாற்று அல்ல. சுமை உண்மையாகவே பன்னிரண்டாகப் பிரிகிறது, சூடும் பிரிகிறது. ஆனால் சில போர்ட்களில் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக் காட்டிவிட்டு, தூக்குகிற பாகங்களை மலிவாகப் போட்டிருப்பார்கள். ஆகவே கட்டம் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொன்றும் எத்தனை அம்பியர், மேலே இருக்கிற உலோகம் உண்மையான ஹீட்சிங்கா, அல்லது அழகுக்கு ஒட்டிய கட்டியா என்றும் கேளுங்கள். ஆரஸ் மாஸ்டரில் கார் ரேடியேட்டர் மாதிரி மெல்லிய தகடுகள் அடுக்கி, நடுவே ஒரு செப்புக் குழாய் ஓடுகிறது. காற்று உள்ளே போய் வரும். பார்த்தவுடனே மனம் கொஞ்சம் உருகித்தான் போயிற்று.

முதல் நாள் இரவு. புரொசஸரைக் கழற்றி, டோர்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து சொக்கெட்டைப் பார்த்தோம். 1151 ஊசிகள். ஒன்று வளைந்திருந்தாலும் காசு போச்சு. எல்லாம் நேராக இருந்தன. ரெம் குழிகள் நாலிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். யு.எஸ்.பி. எல்லாவற்றிலும் பென்ட்ரைவ் குத்திப் பார்த்தோம். எங்கள் பக்கம் கடல் காற்று. செம்பில் பச்சை பிடிக்கும், திருகில் துரு ஏறும். மடங்கல் முடுக்கெல்லாம் பார்த்தோம். சுத்தமாக வைத்திருந்திருக்கிறார். விற்பவரை அழைத்து, "எவ்வளவு காலம் ஓவர்கிளொக்கில் ஓடினது?" என்று கேட்டோம். மறைக்கவில்லை. "ரெண்டு வருஷம் 5 கிகாஹேர்ட்ஸிலதான் ஓடின சேர்" என்றார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். இப்படிச் சொல்லி விற்பவர்கள் குறைவு.

இரண்டாம் நாள், கம்பனி அமைப்பிலேயே ஓட்டினோம். ஐ9-9900கே 8 கோர், 16 த்ரெட். 2018 ஒக்டோபரில் வந்தது. பெட்டியில் 5 கிகாஹேர்ட்ஸ் என்று இருக்கும். ஆனால் அது ஒன்றிரண்டு கோர் வேலை செய்யும்போதுதான். எட்டும் சேர்ந்து ஓடும்போது 4.7. தம்பியின் ஒரு கல்யாண வீடியோவை அதில் ரென்டர் பண்ணினோம். 52 நிமிடம். அறை வெப்பநிலை 32 பாகை. புரொசஸர் 77 பாகை. வி.ஆர்.எம். 57.

வெப்பநிலை பற்றி ஒன்று. யூரியூப்பில் போர்ட்களைப் பரிசோதிப்பவர்கள் பெரும்பாலும் குளிரான அறையில், 20ஐ அண்டிய பாகையில், போர்டை மேசையில் திறந்து வைத்துத்தான் பார்க்கிறார்கள். அங்கே 80 பாகை என்று காட்டினால், எங்கள் அறையில் அது கிட்டத்தட்ட 92. அறை எத்தனை பாகை கூடுதலோ, அத்தனை பாகை இங்கேயும் கூடும். கேஸின் மூடியைப் பூட்டினால் இன்னும் கூடும். கச்சான் காற்று அடிக்கும் பகல் பொழுதில் எங்கள் தகரக் கூரை அறைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டார் போடுகிற வெப்பநிலை எண்ணை அப்படியே நம்பி எவரும் கூலர் வாங்க வேண்டாம்.

மூன்றாம் நாள், 5 கிகாஹேர்ட்ஸ். தம்பியும் வந்து பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டான்.

1.25 வோல்ற் கொடுத்தோம். விண்டோஸ் வந்தது. ரென்டர் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நீலத் திரை. 1.28 கொடுத்தோம். அரை மணித்தியாலம் நின்றது, பிறகு அதே நீலத் திரை. 1.30க்குப் போனோம். நின்றது. இரண்டு தரம் முழுதாக ஓடியது. ரெம்மின் வேகத்தையும் அளவுக்கு மீறிக் கூட்டிப் பார்த்தோம். கணினி எழும்பவில்லை. மலிவான போர்டாக இருந்தால் அந்த இடத்தில் பற்றரியைக் கழற்றி, ஸ்குரூட்ரைவரால் இரண்டு முள்ளை முட்ட வைத்து, பிஸ்மி சொல்லிக் காத்திருக்க வேண்டும். இதில் எங்கே நிற்கிறது என்று சொல்ல இரண்டு இலக்கத் திரை ஒன்று போர்டிலேயே இருக்கிறது. பவர் பொத்தானும் போர்டிலேயே. ஒரு பயோஸ் பழுதானால் எழும்ப இன்னொரு பயோஸ். இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பி எழும்பியது. ஓவர்கிளொக் பண்ணுபவன் தவறு செய்வான் என்று தெரிந்தே செய்த போர்ட். பிழை விடுகிற பிள்ளைக்குத் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கிற ஆசிரியர் மாதிரி. அந்த விடயத்தில் இந்தப் போர்டுக்கு நாம் முழுப் புள்ளியும் கொடுக்கிறோம்.

பெறுபேறு? அதே வீடியோ, 5 கிகாஹேர்ட்ஸில் 49 நிமிடம்.

தம்பி சந்தோஷத்தில் கைதட்டினான். நாமும் சிரித்தோம். பிறகு கணக்கைக் கரும்பலகையில் போடுகிற மாதிரி ஒரு தாளில் போட்டோம்.

வேகம் 4.7இலிருந்து 5. நூற்றுக்கு 6 கூடியிருக்கிறது. மின்சாரம்? புரொசஸர் இழுக்கிற சக்தி வேகத்தோடு நேராகக் கூடும். ஆனால் வோல்றோடு அதன் வர்க்கத்தில் கூடும். 1.2 இருந்த இடத்தில் 1.3. அதை வர்க்கித்தால் 1.17 மடங்கு. வேகத்தின் 1.06 ஆல் பெருக்கினால் 1.25. அதாவது நூற்றுக்கு 6 வேகத்துக்கு நூற்றுக்கு 25 மின்சாரம். 150 வொட் இழுத்த புரொசஸர் 187 இழுக்கும். புரொசஸர் 93 பாகைக்குப் போயிருந்தது. 100இல் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வி.ஆர்.எம். மட்டும் 66இல் கவலையில்லாமல் நின்றது. சுவர் மீற்றர் 45 வொட் கூடுதலாகக் காட்டியது. ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் ஓட்டினால் மாதம் 8 அலகு. சிறிய தொகைதான். ஆனால் எங்கள் கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம். 180 அலகின் விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு அந்த 8 அலகு அடுத்த படிக்குத் தள்ளிவிடும், நிலையான கட்டணத்தையும் சேர்த்து. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் பில் ஏறியபோது நாம் எல்லோரும் ஃபிரிட்ஜின் முள்ளைத் திருகித் திரிந்தது மறந்துவிடவில்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1998இல் செலரோன் 300ஏ என்று ஒரு மலிவுப் புரொசஸர் வந்தது. 66 என்ற எண்ணை 100 ஆக்கினால் 300 மெகாஹேர்ட்ஸ் 450 ஆகிவிடும். பாதி வேகம் இலவசம். எமது இ5200இல் மூன்றில் ஒன்று இலவசம். இப்போது நூற்றுக்கு 6, அதுவும் இலவசமில்லை. ஏன்? கம்பனிகள் ஒளித்து வைத்திருந்த அந்த மிச்சத்தைத் தாங்களே டேர்போ என்ற பெயரில் எடுத்து, பெட்டியில் எழுதி, விலையிலும் சேர்த்துவிட்டார்கள். அதோடு 2011 முதல் இன்டெலில் 'கே' என்று முடிகிற புரொசஸரும் தகுந்த சிப்செட் போர்டும் இருந்தால்தான் இந்த விளையாட்டு. ஏ.எம்.டி. ரைசனில் அந்தப் பூட்டு இல்லை. ஆனால் அங்கேயும் ஏ320 மாதிரியான ஆக மலிவுப் போர்டில் புரொசஸரை ஓவர்கிளொக் பண்ண முடியாது. பி450 போன்றவற்றில் முடியும்.

இத்தனை கணக்கும் போட்டு முடித்த பிறகும் நாம் என்ன முடிவுக்கு வந்தோம் தெரியுமா?

எடு என்று சொல்ல.

உண்மையைச் சொல்கிறோம். மூன்று இரவும் அந்தப் போர்டோடு இருந்ததில் எமக்கே அதில் ஆசை வந்துவிட்டது. 5இல் ஓட்டாதே மகன், 4.7இலேயே வை, கொஞ்சம் வோல்றைக் குறைத்தும் பார்க்கலாம், இந்த வி.ஆர்.எம். பத்து வருடம் தாங்கும் என்று சொல்லத் தயாராக இருந்தோம். தாளில் மதிப்பெண்ணும் போட்டிருந்தோம். வி.ஆர்.எம். 10க்கு 9. பிழை திருத்தும் வசதி 10க்கு 10. மூன்று எம்.2 குழி, இரண்டு பயோஸ், வைஃபை எல்லாம் சரி சரி சரி.

அன்றிரவு தம்பி எமது வீட்டிலிருந்தே உம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அழைத்தான். சந்தோஷத்தில் எல்லாம் சொன்னான். 5 கிகாஹேர்ட்ஸ், பன்னிரண்டு கட்டம், செப்புக் குழாய். அந்தப் பக்கம் அமைதி. வேலை முடித்து அப்போதுதான் படுக்கப் போயிருப்பார் போல. பிறகு கேட்டார்:

"அது பழுதாப் போனா எங்க மகன் குடுத்துத் திருத்துற?"

தம்பி எம்மைப் பார்த்தான். நாம் தாளைப் பார்த்தோம். தாளில் அந்தக் கேள்வி இல்லை.

போர்ட் பழையது, உத்தரவாதம் இல்லை. சரி, அது எமக்கும் தெரியும். ஆனால் உம்மா கேட்டது அதற்கும் மேலே. இந்தப் போர்ட் நின்றுவிட்டால் ஐ9-9900கேயைப் போட அதே தலைமுறைப் போர்ட்தான் வேண்டும். அந்தச் சொக்கெட்டில் இப்போது புதிதாகப் போர்ட் தேடுவது கஷ்டம். இன்னொரு பழையதைத்தான் தேட வேண்டும். கல்யாண சீசனில் ஒரு கிழமை கணினி நின்றால் கமராக்காரர் வேறு ஆளிடம் போவார். திரும்பி வருவார் என்று நிச்சயமில்லை. போர்ட் எவ்வளவு நல்லதென்று நாம் மூன்று இரவு அளந்தோம். அது நின்று போகிற ஒரு நாளை நாம் நினைத்தே பார்க்கவில்லை. எரிந்த வாசத்தை இத்தனை வருடமாக மூக்கில் வைத்துக்கொண்டு திரிகிற நாம்!

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழும்பி வேறு ஒரு கணக்குப் பார்த்தோம். அதே ஒன்றேகால் இலட்சத்துக்குப் புதிதாக என்ன வரும்?

2022 ஜனவரியில் வந்த ஐ5-12400. 6 கோர், 12 த்ரெட். ஓவர்கிளொக் பூட்டப்பட்டது. ஆனால் தலைமுறை மூன்று தாண்டியதில் ஒவ்வொரு கோரும் கூடுதலாக வேலை செய்யும். எல்லாக் கோரும் சேர்ந்த வேலையில் அது 9900கேயோடு கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறது. ஒரு கோர் வேலையில் முந்துகிறது. மின்சாரம் ஆகக் கூடினால் 117 வொட். அதற்குப் பன்னிரண்டு கட்டமும் செப்புக் குழாயும் தேவையே இல்லை. சாதாரண பி660 போர்ட் போதும். டி.டி.ஆர்.4 போடக்கூடிய பி660 எடுத்தால் தம்பியிடம் இருக்கிற ரெம்மே போதும். பம்பலப்பிட்டியில் விசாரித்தோம். போர்டும் புரொசஸரும் புதிதாக, உத்தரவாதத்தோடு, அந்தக் காசுக்குள் வந்து மிச்சமும் இருந்தது. அந்த மிச்சத்தில் ஒரு யு.பி.எஸ். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்டில், 49ஆவது நிமிடத்தில் ரென்டர் அறுந்தால் 5 கிகாஹேர்ட்ஸால் என்ன பயன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கத்தோடு. தம்பியின் எடிட்டிங் மென்பொருளைத் திறந்து பார்த்தால், ரென்டர் பண்ணும் பகுதியில் ஹார்ட்வெயார் என்கோடிங் என்ற பெட்டியில் சரி போடாமல் இருந்தான். புரொசஸரிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோ வீடியோவுக்கென்றே இருக்கிற பகுதியை வேலைக்கு எடுப்பது அது. சரி போட்டோம். 52 நிமிடம் பாதிக்கும் குறைவாக இறங்கியது. நுணுக்கமாகப் பார்த்தால் அதே கோப்பளவில் தரம் ஒரு துளி குறையும். யூரியூப்பிலும் பென்ட்ரைவிலும் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டாருக்கு அது தெரியாது. ஒரு சரி அடையாளம் செய்ததில் எட்டில் ஒரு பங்கைக்கூட எமது ஓவர்கிளொக் செய்யவில்லை.

காலையில் தம்பிக்குச் சொன்னோம். முகம் சுருங்கிப் போயிற்று.

"ஏன் சேர்? போர்ட் நல்லமில்லயா?"

"நல்ல போர்ட் மகன். நாம் கையில் எடுத்ததில் ஆக நல்ல போர்ட் இதுதான். ஆனா ஒன்ட வேலைக்கு இது வேணாம்."

கோபத்தோடுதான் போனான். இரண்டு கிழமை பதில் இல்லை. போர்டை அமானிதமாகத் தந்தவரிடம் அப்படியே திருப்பிக் கொடுத்தோம். நாம் பார்த்ததை எல்லாம் எழுதி, வெப்பநிலை எண்களோடு அவருக்கே அனுப்பினோம். அதைக் காட்டியே கண்டிப் பக்கம் ஒரு பொடியனுக்குக் கேட்ட விலைக்கே விற்றுவிட்டாராம். அந்தப் பொடியனுக்கு ஓவர்கிளொக் பண்ணுவதே பொழுதுபோக்காம். அவருக்கு அது சரியான சாமான்.

அதையும் சொல்ல வேண்டும். இந்தப் போர்ட்கள் வீண் என்று நாம் சொல்லவில்லை. வேகத்தைத் துரத்துவதே ஒரு விளையாட்டாக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கென்றே இரண்டு ரெம் குழி மட்டும் வைத்த போர்ட்கள் வருகின்றன. வழி குறுகினால் சமிக்ஞை சுத்தமாக இருக்கும், ரெம் கூடிய வேகத்துக்குப் போகும். ஏசுஸ் எபெக்ஸ் அந்த வகை. 2022 டிசம்பரில் ஐ9-13900கேயைத் திரவ ஹீலியத்தில் குளிர வைத்து 9 கிகாஹேர்ட்ஸைத் தாண்டினார்கள். அதைப் பார்க்கும்போது எமக்கும் நெஞ்சு துடிக்கிறது. கிரிக்கெட் மட்டைக்கு இலட்சம் கொடுப்பவர் இருக்கிறார், போர்டுக்குக் கொடுப்பவரும் இருக்கட்டும். தன் காசில், தன் ஆசைக்கு. குவைத்திலிருந்து வருகிற காசு அந்தக் கணக்கில் சேராது, அவ்வளவுதான்.

பழைய போர்ட் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், எமது மூன்று இரவின் சுருக்கம் இது:

1. சொக்கெட் ஊசிகளை டோர்ச் அடித்து ஒவ்வொரு வரிசையாகப் பாருங்கள். பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

2. ரெம் குழி எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் ஓடினால் எல்லாம் ஓடும் என்று நினைக்க வேண்டாம்.

3. இரவுக் குளிரில் அல்ல, பகல் இரண்டு மணிக்கு, கேஸைப் பூட்டி, ஒரு மணித்தியாலம் முழுச் சுமையில் ஓட்டுங்கள். வி.ஆர்.எம். வெப்பநிலையைப் பாருங்கள். 100ஐ நெருங்கினால் விட்டுவிடுங்கள்.

4. ஓவர்கிளொக்கில் ஓடியதா, எத்தனை வோல்றில் என்று கேளுங்கள். பதிலை விட, பதில் சொல்கிற விதத்தைக் கவனியுங்கள்.

5. அதே காசுக்குப் புதிதாக, பூட்டிய புரொசஸரும் சாதாரண போர்டும் என்ன வருகிறது என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

6. பழுதானால் எங்கே கொடுத்துத் திருத்துவது? இது உம்மாவின் கேள்வி. இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நாம் ஆறாவதாகக் கேட்டோம், அதுவும் வேறொருவர் சொல்லித்தான்.

தம்பி இப்போது ஐ5இல்தான் வேலை செய்கிறான். போன கிழமை பள்ளிவாசல் முன்றலில் கண்டோம். கோபம் ஆறிவிட்டது. "சேர், ஒரு நாளைக்கு ரெண்டு கல்யாணம் முடிக்கிறன்" என்றான். கொஞ்சம் நின்றுவிட்டு, "ஆனா சேர், அந்த 5 கிகாஹேர்ட்ஸ் வந்த நேரம் நல்லா இருந்த, என்ன?" என்று கேட்டான்.

நல்லாத்தான் இருந்தது மகன்.

உம்மா வருகிற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்கு வருகிறாராம். கணினியை அவருக்குக் காட்ட வேண்டும் என்று மேசைக்குப் புதிதாகத் துணி வாங்கிப் போட்டிருக்கிறான்.

நாம் எழுதியதில் தொழில்நுட்பப் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் கீழே திருத்துங்கள், கோபிக்க மாட்டோம். வாங்க இருப்பவர்கள் கேள்விகளையும் கீழே போடலாம். பாடசாலை விட்டு வந்ததும் பதில் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.